பெயரில்லாத இடுக்கு

ஹோல்ட் பண்ணை,
ஜூலை மாதக் கடைசி.

அன்புள்ள தோர்லாகுர் அண்ணனுக்கு,

உன் தங்கை ஸ்டெய்னுன் எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். வடக்கே இந்த வருஷம் ஹெர்ரிங் மீன் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்று வானொலியில் சொன்னார்கள். நல்லதுதான். உன் கைக்கு வேலை இருக்கும், யோசிக்க நேரம் இருக்காது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இங்கே மழை விடவில்லை. வெட்டிய புல் வயலிலேயே கிடந்து கறுக்கிறது. சிவப்புப் பசு கன்று போட்டது, கிடேரி. கொட்டகைக் கூரைத் தகரம் ஒன்று காற்றில் பிய்ந்து போய்விட்டது. நானே ஏறி அடித்தேன். கோணலாகத்தான் இருக்கிறது.

பையன் நன்றாகப் பால் குடிக்கிறான். வசந்தத்தில் பிறந்தவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கப் பாதிரியார் இரண்டு தடவை வந்து காபியும் அப்பமும் சாப்பிட்டுவிட்டுச் சும்மா திரும்பினார். போகும்போது, "கன்னுக்குட்டிக்குக்கூட பேரு வச்சுட்டியேம்மா" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவர் வண்டி போனதும் உட்கார்ந்து அழுதேன்.

இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து ஆடுகளை ஓட்டி வருகிற ஆடு இறக்கத்துக்கு, ஆட்களை நடத்தும் மலைராஜாவாக இந்த வருஷம் உன் இடத்தில் ஃபின்போகியை ஆக்கிவிட்டார்கள். நீ இல்லாதபோது வேறு யார் இருக்கிறார்கள்? போன வாரம் கடையில் நான் சர்க்கரை வாங்கிக்கொண்டு நின்றேன். அவன் என்னைக் கவனிக்காமல், "இந்தத் தடவை ஓர்முர் இடுக்குக்கு ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டான். கடைக்காரர் என் சர்க்கரையை மறுபடி நிறுக்க ஆரம்பித்தார். ஓர்முர் இடுக்கு! அதற்குள் என் புருஷன் பெயரை வைத்துவிட்டார்கள், அண்ணா. நம் பக்கத்தில் ஒரு மனிதன் பெயரை மலை இடுக்குக்கு எப்போது வைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அவன் அதற்குள் போய்த் திரும்பி வராதபோதுதான்.

போன வருஷத்து ஆடு இறக்கத்தில் நடந்ததை நீ என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தேடுதல் முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பலுக்குப் போய்விட்டாய். எல்லாம் ஃபின்போகி சொல்லித்தான் தெரியும். மலைக்குடிசையில் நீ ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இடுக்கைப் பிரித்துக் கொடுத்தாயாம். பனியாறு பின்வாங்கியதில் புதிதாகத் திறந்த அந்த ஒன்றுக்கு மட்டும் பெயரும் இல்லை, போக ஆளும் இல்லையாம். என் புருஷன் தான் போவதாகச் சொன்னாராம். முதலில் ஆடு ஓட்டி வருகிறவன்தானே பெயர் வைக்கலாம்! "ஆட்டோட வெளிய வந்தேன்னா என் பொண்டாட்டி பேரத்தான் வைப்பேன். அவகிட்டயும் பேச ஆரம்பிச்சா லேசுல வெளிய வர முடியாது" என்றாராம். குடிசையே சிரித்ததாம்.

அவர் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போனதெல்லாம் இடுக்குகளுக்குத்தான். மற்றவர்கள் நடனத்துக்குப் போவார்கள். நாங்கள் பனி எங்கே விலகியிருக்கிறது என்று பார்க்கப் போவோம். பனி இழுத்துப் போன கீறல்களைப் பாறையில் விரலால் தடவிக் காட்டுவார். ஆறே இல்லாத பள்ளத்தாக்கு, பாதி மலையில் அறுந்து நிற்கும் பள்ளத்தாக்கு, எதைக் கண்டாலும் குழந்தை மாதிரி கத்துவார்.

அன்று அவர் உள்ளே போன பிறகு இடுக்கிலிருந்து மோரி வெளியே வந்தது. கழுத்து மணி ஆட, ஆடுகள் பின்னால் வர, நம் முன்னோடிக் கிடா. ஆடு வந்தால் பின்னால் ஆள் இருக்கிறான் என்பதுதான் வழக்கம். நீ சரிவில் நின்று, "ஓர்முர் வந்தாச்சு, இறங்குங்க!" என்று கத்தினாய். ஆடு ஓட்டப் போனவர்களின் வரிசை இறங்கிவிட்டது. மூடுபனியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேலே பனி அடைத்து வைத்திருந்த ஏரி உடையப்போவது மோரிக்குத் தெரிந்திருக்கிறது. அது யாரும் ஓட்டாமலே வந்திருக்கிறது. பட்டியில் ஆடுகளைப் பிரிக்கும்போதுதான் ஓர்முர் இல்லை என்று கண்டீர்கள். அதற்குள் ஏரி உடைந்து ஆறு பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

உன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பார்கள். இதைச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் ஆயிற்று. சொல்லிவிட்டேன்.

போன மாதம் நானே அங்கே போனேன். பையனை மருத்துவச்சி வால்கெர்துரிடம் விட்டுவிட்டுப் போனேன். நுழைகிற இடம் ஒரு குதிரை போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் பனி தேய்த்து வழவழப்பாக்கிய சுவர். உள்ளே குளிர் முகத்தில் அறைகிறது. ஒரு திருப்பம் தாண்டினால் கிண்ணம் மாதிரி அகலமான பள்ளத்தாக்கு, வேறு வழியே கிடையாது. தரையெல்லாம் புதுப் புல், இடுப்பு உயரம். ஆடுகள் குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருந்தன. அவ்வளவு அழகான இடத்தை நான் பார்த்ததில்லை. அதைப் போல எதையும் வெறுத்ததும் இல்லை. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சுவர் அதையே திருப்பிச் சொன்னது. நீங்கள் தேடியபோது கிடைத்தது நான் பின்னிக் கொடுத்த, திருப்பியும் போட்டுக்கொள்ள இரட்டைக் கட்டைவிரல் வைத்த கையுறையில் ஒன்று. எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. எதுவுமே இல்லை, அண்ணா. நான் போய்ப் பார்த்துவிட்டேன்.

பையன் வயிற்றில் இருந்தபோது அவர் கனவில் வந்தார். அடுப்படி வாசலில் நின்று ஈரச் செருப்பைக் கழற்றினார். வால்கெர்துரிடம் சொன்னேன். "செத்தவங்க மாசமா இருக்கறவ கனவுல வந்தா வேற எதுக்குடி வருவாங்க? பேரு கேக்கறான், குடுத்துடு" என்றாள். அவள் மேல் கரண்டியை எறிந்தேன். உயிரோடு இருக்கிற அப்பன் பெயரை நாம் பிள்ளைக்கு வைப்பதில்லை; ஓர்முர் மகன் ஓர்முர் என்று ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால், அப்பன் முகம் பார்க்காத பிள்ளை என்று ஊரே தெரிந்துகொள்ளும். அதனால்தான் இவனை இத்தனை நாளாகப் பெயரில்லாமல் வைத்திருக்கிறேன். பெயர் வைக்காதவரை அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

ஆனால் அந்த இடுக்கு பெயரைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது. ஆளை எடுத்துக்கொண்டது போதாதா? பெயரையாவது என் பிள்ளைக்கு விடட்டும்.

அதனால் கேட்கிறேன். ஆடு இறக்கத்துக்கு முன்னால் வீட்டுக்கு வா. ஃபின்போகி சந்தோஷமாக ஒதுங்கிக்கொள்வான், கேட்டுவிட்டேன். மலைக்குடிசையில் இடுக்குகளைப் பிரிக்கும்போது அதற்கு வேறு என்ன பெயர் வேண்டுமானாலும் சொல். பெயரில்லாத இடுக்கு என்றே சொல். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வருவார். பையனை நீதான் கையில் ஏந்தவேண்டும். என்ன பெயர் என்று அவர் கேட்கும்போது என் வாய் திறக்காது, எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் என் புருஷன் செத்துப்போவார். நீதான் சொல்லவேண்டும்.

ஒரு தடவை சரிவில் நின்று ஊருக்கே கேட்கக் கத்தினாயே, ஓர்முர் வந்தாச்சு என்று. இவனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே இன்னொரு தடவை சொல், அண்ணா.

கடவுள் உன்னைக் கரை சேர்க்கட்டும்.

உன் தங்கை,
ஸ்டெய்னுன்