விளையாட்டுக்கு ஊதிய விசில்

இன்றைக்குக் காலையில் மீன் கூடைக்கு அடியில் விரிக்க ஒரு பழைய பிளாஸ்டிக் ஷீட்டைத் தேடிப் பரணில் கை விட்டேன். வெளிநாடு போய் வந்த அந்தப் பயணப் பை என் தலையிலேயே விழுந்தது. திறந்தேன். காய்ந்த சேற்று வாசனை. நம்ம ஊர்ச் சேறு இல்லை. நம்ம எண்ணூர்ச் சேற்றில் சாம்பலும் எண்ணெயும் கலந்து மூக்கைக் குத்தும். இது மழையில் நனைந்த டீத்தூள் மாதிரி வாசம். பையின் மூலையில் கயிற்றோடு அந்த ஆரஞ்சு விசில்.

கூடையை ஓரம் தள்ளிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். மூணாம் வகுப்போடு நின்றவளின் கையெழுத்து. நீ இருந்தால், "இன்னாடீ இது, கோயி கெளறுன மாதிரி கீது" என்பாய். சொல்லிக்கொள். இந்த விசிலைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. சொல்லிவிடுகிறேன்.

விமானம் ஏறப் பயந்தவள் நீதான், நான் இல்லை. ஸ்வீடனில் நர்ஸ் வேலை பார்க்கும் உன் மகள் டிக்கெட் எடுக்கிறேன் என்றபோது, "அவளும் வந்தாதான் நானும் வருவேன்" என்று அடம் பிடித்தாய். பாவம் அந்தப் பெண், கத்திவாக்கத்து மீன்காரி எனக்கும் சேர்த்து விசா எடுத்தாள். ஏர்போர்ட்டில் எந்தக் கதவு, எந்த வரிசை, எது பொம்பளைங்க பாத்ரூம் எல்லாம் நீதான் படித்துச் சொன்னாய். பத்தாவது படித்த திமிர் வேறு. உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டே ஐரோப்பா போய்ச் சேர்ந்தேன்.

போன இடத்தில் உன் மகள் நம்மைச் சும்மா உட்கார விட்டாளா? ஓரியண்டீரிங் என்று ஒரு விளையாட்டில் பேர் கொடுத்துவிட்டாள். ஒரு வாரம், காட்டுக்குள் கூடாரம் போட்டு, பயிற்சியும் பந்தயமும். கையில் வரைபடம், திசைகாட்டி. காட்டில் அங்கங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சின்னக் கொடிகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை மாறாமல் எல்லாவற்றையும் கண்டுபிடித்து வர வேண்டும். விரலில் மாட்டிய குச்சியைக் கொடிக்குக் கீழே உள்ள பெட்டியில் வைத்தால் 'கீச்' என்று கத்தும். வயசானவர்களுக்கும் புதுசாக வந்தவர்களுக்கும் தனிப் பிரிவு. நடந்தே போகலாம்.

"காணாம பூட்ட எருமைய தேடுறதுக்கு இம்மாந்தூரம் பிளேன்ல வரணுமா?" என்று கேட்டேன். உன் மகள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

எனக்கும் அந்தக் காகிதம் பிடித்துப்போனது. ஏன் தெரியுமா? அதில் ஊர்ப் பேர் கிடையாது, படிக்க வேண்டிய வார்த்தை ஒன்றும் கிடையாது. வண்ணமும் கோடும்தான். அந்த நாட்டில் முதல் தடவையாக நீயும் நானும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தோம். தப்பும் சேர்ந்தே பண்ணினோம். வரைபடத்தில் வெள்ளையாக இருந்த இடத்தைக் காலி மைதானம் என்று நினைத்து, மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு மைதானத்தைத் தேடினோம். வெள்ளை என்றால் காடாம். மஞ்சள்தான் வெட்டவெளியாம். "எவனோ மைதானத்த சுருட்டிக்கினு பூட்டான்டீ" என்று நான் சொன்னதும் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய்.

அடுத்த நாள் பயிற்சி நம்முடைய நாள். வழியில், வரைபடத்தில் நீலக் கோடு போட்டுக் காட்டிய சதுப்பு. வெள்ளைக்காரர்கள் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். நீ பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினாய். "எண்ணூர்ல கீறவளுங்க சேத்துக்குப் பயப்படுறதா? வாடீ."

இறங்கினோம். எத்தனை வருஷம் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்திருக்கிறோம். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்போம், வாய் திறக்க முடியாது. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒருத்தி மூக்காலேயே 'ம்ம்ஊ' என்பாள். மற்றவள் 'ம்ம்ஊ' என்று பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால், கையில் எத்தனை இறால் இருந்தாலும் போட்டுவிட்டு அவள் பக்கம் போக வேண்டும். யாரும் வகுத்த சட்டம் இல்லை. ஆனால் மீறியவள் கிடையாது. அந்தச் சதுப்பிலும் நீ முன்னால் போய்க்கொண்டே 'ம்ம்ஊ' என்றாய். நான் பின்னால் இருந்து பதில் கொடுத்தேன். அன்றைக்கு அந்தக் கொடிக்கு நாம்தான் முதலில் போனோம். சேறு வழிய நின்ற நம் இருவருக்கும் ஒரு கிழவர் கை தட்டினார்.

அன்றைக்குத்தான் நீ அந்த ஆசையைச் சொன்னாய். பந்தயத்தை முழுசாக முடித்தவர்களின் பேரைக் கூடாரத்துக்கு வெளியே பலகையில் ஒட்டுவார்கள். அதன் முன்னால் நின்றாய்.

"கேன்டீன்ல முப்பது வருசம் ஆக்கிப் போட்டேன். ஒருத்தனுக்கு எம்பேரு தெரியாது. எல்லாருக்கும் ஆயாம்மா. ஒரே ஒரு தபா எம்பேரு இந்தப் போர்டுல வரணும்டீ."

"உன் பேர வுடு. எம்பேர தப்பா எய்தப் போறானுங்க, பாரு" என்று கிண்டல் பண்ணினேன். நீ பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முதல் பந்தயத்தில் நாலாவது கொடியை விட்டுவிட்டு வந்தாய். இரண்டாவதில் வேறு பிரிவுக்காரர்களின் கொடியில் குச்சியை வைத்துவிட்டாய். இரண்டு தடவையும் உன் பேர் வரவில்லை. கடைசிப் பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் முழுக்க, சோறு தின்னும்போதுகூட, வரைபடத்தில் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாய்.

மறுநாள் ஒரு மணிக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் வந்தால் பேர் ஏறாது. ஒருத்தி போய்ப் பத்து நிமிஷம் கழித்துத்தான் அடுத்தவள். என்னை முன்னால் விட்டார்கள். நான் இரண்டு கொடி பிடித்தேன், அலுத்துவிட்டது. ஒரு பாறை மேல் குந்தி, நாவல்பழத்துக்குத் தங்கச்சி மாதிரி இருந்த நீலப் பழங்களைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தேன். நேரம் போவது தெரியவில்லை. அப்போது கீழே உன் சிவப்பு ஜாக்கெட் தெரிந்தது. உதடு அசைய அடி எண்ணிக்கொண்டு, நிமிராமல் போனாய். எவ்வளவு அழகாகப் போனாய் தெரியுமா! என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. "காலு ஒடஞ்சா, வழி தெரியாம பூட்டா ஆறு தபா ஊதுங்க. யாரு காதுல வியுந்தாலும் ரேஸ வுட்டுட்டு வந்துடுவாங்க, அதான் இங்க ரூல்" என்று உன் மகள் மாட்டிவிட்டது. ஊதினேன். ஆறு தடவை. நீ திரும்பிப் பார்த்துத் திட்டுவாய், நான் பாறை மேல் இருந்து ஆடிக் காட்டலாம் என்றுதான் நினைத்தேன்.

மரங்களுக்குள் இருந்து பதில் வந்தது. 'ம்ம்ஊ.'

அந்தச் சத்தம் கேட்டதும் கையில் இருந்த பழத்தைக் கீழே போட்டேன். மேலே ஏறி வந்தாய். முழங்கால் சிராய்த்து ரத்தம். மூச்சு இரைத்தது. உன் முகத்தில் இருந்த பயத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"இன்னா ஆச்சுடீ? எங்க அடி?"

சும்மா ஊதினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "காலு பிசகிக்கிச்சு" என்றேன்.

"ரேஸு இன்னாடீ பெரிய ரேஸு. எம்மேல சாஞ்சுக்கோ. கெய்வி, இன்னா கனம் கனக்குற! மீன வித்தியா, நீயே துன்னியா?"

உன் தோளில் தொங்கிக்கொண்டு நொண்டினேன். நடுவழியில் வேகமாகப் போகப் பார்த்தேன், நீ விடவில்லை. மெதுவா, மெதுவா என்றாய். வந்து சேர்ந்தபோது பலகையில் பேரெல்லாம் ஒட்டி முடித்திருந்தார்கள். நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அட்த்த வருசம் வந்து ஓடிக்கிறேன்" என்று மகளிடம் சொன்னாய். நான் பொய்க்கு உண்மையாக இருக்க வேண்டி ஊர் வரும்வரை நொண்டினேன். ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு வந்தேன். இரண்டு பையையும் நீ தூக்கினாய்.

அடுத்த வருஷம் உனக்கு முழங்கால் வலி. அதற்கடுத்த வருஷம் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். நீ கண் திறந்ததும் ஏதாவது கிண்டல்தான் வந்தது. மூன்றாம் தடவைக்கு நீ இடம் கொடுக்கவில்லை.

காரியத்துக்கு வந்த உன் மகளிடம் கடைசியில் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அத்தை, அம்மாவுக்கு அன்னைக்கே தெரியும். அங்கருந்து கெளம்புறதுக்கு முன்னாலயே எங்கிட்ட சொல்லிடுச்சு. 'வாயெல்லாம் நீலமா கீது, காலு ஒடஞ்சவளா பழம் துன்னுவா? நேத்து வலது காலு, இன்னைக்கு எடது காலு நொண்டுது. கேட்டுடாத, பாவம், வெக்கப்படுவா'ன்னு."

அப்படியானால் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் உனக்குத் தெரியும். அடிப்பாவி. விசில் சத்தத்துக்கு ஏன்டீ ஏறி வந்தாய் என்று கேட்க நினைக்கிறேன். ஆனால் வரும்போது உனக்குத் தெரியாது. அதுதான் என்னைக் குத்துகிறது. தெரிந்த பிறகும் ஒரு வார்த்தை கேட்காதது அதைவிடக் குத்துகிறது.

போன வாரம் மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரி, "அக்கா, பாம்பு!" என்று அலறினாள். வஞ்சிரத்தைப் பாதி வெட்டில் போட்டுவிட்டு ஓடினேன். கயிற்றுத் துண்டைக் காட்டிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் போய்விடுகிறேன். விளையாட்டுக்கா நிஜத்துக்கா என்று பார்ப்பதில்லை. அது உன்னிடம் இருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

விசிலைக் கழுவிச் சாவிக் கொத்தில் கோத்துவிட்டேன். ஊத மாட்டேன். எந்தக் காட்டில், எந்தக் கொடிக்குப் பக்கத்தில் இருக்கிறாயோ, சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி வந்து நிற்பாய். உன்னை எனக்குத் தெரியும். இந்தத் தடவை கடைசிக் கொடிவரை போ. உன் பேர் பலகையில் ஏறட்டும். எனக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது.