வேலிக்கு முன்னால் ஏழு பேர்

ஐயா,

நேற்று வெள்ளனே வேலிக்கு முன்னால் நின்றவர்கள்: நான், என் வீட்டுக்காரர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற முத்தையா அண்ணன், பார்வதி அக்காவின் மகன்கள் இருவர், நிலத்துக்காரன் செல்வம், அவன் சித்தப்பா. ஏழு பேர். பாடையில் பார்வதி அக்கா. அக்காவுக்குப் பெண்பிள்ளை இல்லையென்று நான் வேலிவரை போனேன். தூறலில் அவள் முகம் நனையாமல் நான் பிடித்திருந்தது உங்கள் கறுப்புக் குடை.

செல்வத்தின் கேரட் தோட்டம் வழியாகச் சுடுகாட்டுக்குப் போகும் பாதை, அவன் அப்பாவிடம் நீங்கள் பேசி வாங்கித் தந்தது. எழுத்து எதுவும் இல்லை. "பொணத்துக்கு எதுக்குப்பா பத்திரம்" என்றீர்கள். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரான நீங்கள் சொன்னால் வில்பட்டியில் மறுபேச்சு இருக்காது. எல்லாச் சாதிக்காரர் தொழுவத்திலும் முட்டி போட்டுக் கன்று எடுத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இப்போது பாதையை வேலி போட்டு அடைத்தாயிற்று; அங்கே காட்டேஜ் வரப்போகிறது. வியாழக்கிழமை கிரயம். செல்வம் கெட்டவன் இல்லை. அவனே கேட்டான்: "வாங்குறவங்க பாதை இருக்கக் கூடாதுங்குறாங்கக்கா. எல்லாரும் ஒத்துக்கிற பெரிய மனுசன் ஒருத்தர் வந்து சொன்னா, அதைச் சொல்லியே நான் தப்பிச்சுக்கிருவேன். யாரு இருக்கா, சொல்லுங்க."

பெயர்கள் வந்தன. பழைய ஹெட்மாஸ்டர் என்றதும், கட்சிக்காரர் என்றார் சித்தப்பா. கோயில் தர்மகர்த்தா என்றதும், அவர் உங்க ஆளு என்றான் அக்காவின் மூத்த மகன். கடைசியில் எல்லோரும் முத்தையா அண்ணனைப் பார்த்தோம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கம்பவுண்டருக்கே அந்தக் கதி. என்னைய விட்ருங்கப்பா."

அன்று எங்கள் வாசலில் நின்றவர்களும் பெரும்பாலும் இதே ஆட்கள்தானே.

ஏதோ நிலத் தகராறில் நீங்கள் கமிஷன் வாங்கியதாக யாரோ போன் குரூப்பில் போட்டிருந்தார்கள். அதை வைத்து உங்களை நிறுத்திக் கேட்டார்கள். என் கணக்கு நோட்டு உள்ளே அலமாரியில் இருந்தது. எங்கள் பசுவுக்காக நீங்கள் வந்த பதினேழு தடவையும் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'எதுவும் வாங்கவில்லை, வரக்காப்பி மட்டும்' என்று என் கையெழுத்து. எடுத்து வந்து காட்டியிருக்கலாம். நமக்கெதுக்கு என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தீர்கள். பிறகு குடையை விட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனீர்கள். அதற்கப்புறம் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் வரவில்லை. உங்கள் சாவுக்கு மட்டும் ஊர் முழுக்க வந்தது. ஆளுயரத்துக்குப் பேனர் வைத்தோம்.

அக்காவைப் பிக்கப் வண்டியில் ஏற்றி, தார்ரோட்டைச் சுற்றிப் போய், ஓடைச் சரிவில் இறக்கினார்களாம். பாடை இரண்டு தரம் சாய்ந்ததாம். சின்னவன் அம்மாவின் காலைக் கட்டிப் பிடித்தபடியே இறங்கினான் என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

கோயிலில் முருகனிடம் கேட்டுப் பார்த்தேன். அவன் உங்களைப் போலவே ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான்.

வியாழனன்று பத்திர ஆபீசுக்கு நானே போய், வாங்குகிறவர்களிடம் பாதையைக் கேட்கலாமென்று நினைக்கிறேன். குடை என்னிடம் இருக்கிறது, நோட்டும் இருக்கிறது. ஆனால் அன்று வாய் திறக்காதவள் இன்று சொன்னால் எடுபடுமா? போகட்டுமா, ஐயா?

இன்று திங்கள். வெரசாப் பதில் சொல்லுங்கள்.