பணியாரக் கல்லில் வார்த்த சாக்லேட்

கோகோ வாசம் அடிக்கிற வீட்டில் நான் உட்கார மாட்டேன் என்பது யாராவது சொல்லி உன் காதுக்கும் வந்திருக்கும். என் பேத்திக்குத் தெரியாது. போன புதன்கிழமை காலையில் அவள் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதன்மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, கடையில் வாங்கிய சாக்லேட் கட்டியை உடைத்துப் போட்டு உருக்கினாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். வாசம் பின்னாலேயே வந்தது.

"அம்மாச்சி, எங்க போறீங்க? அம்மா பொறந்தநாளுக்குத்தான் செய்றேன். நாப்பது வயசுல்ல. ஒண்ணே ஒண்ணு ருசி பாத்துச் சொல்லுங்க."

"எனக்கு ஆகாது."

"ஏன், சுகரா?"

"வீம்பு," என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருபத்தேழு வருசமாக ஒரு துண்டு சாக்லேட் என் வாய்க்குள் போனதில்லை. உன்னால்தான்.

அவள் வேலை சுலபமாக முடிந்துவிட்டது. உருக்கினதை ரப்பர் அச்சில் ஊற்றி, நடுவில் வறுத்த முந்திரியை அமுக்கி, ஃப்ரிட்ஜில் வைத்தாள். இறுகுகிறவரை சும்மா இருக்காமல் ஃபோனைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்த வீடியோ கேசட்டை என்னிடம் கேட்காமலே எடுத்துப்போய், கடையில் கொடுத்து, ஃபோனுக்கு மாற்றி வாங்கியிருக்கிறாள். அவள் அம்மா வயசுக்கு வந்தபோது நடந்த சடங்கு வீடியோ. ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் எல்லாம் வந்து உட்கார்ந்ததும் டிவியில் போட்டு அம்மாவைத் திகைக்கவைக்கப் போகிறாளாம்.

அந்தக் கேசட்டை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. உன் முகம் அதில் இருக்கிறது என்பதற்காகவே பூட்டிவைத்தேன். உன் அண்ணன், என் வீட்டுக்காரர், உயிரோடு இருந்தவரை இரண்டு மூன்று முறை சாவி கேட்டார். கொடுக்கவில்லை.

எனக்கு ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது. இதைக்கூட எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் ஞாபகத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று நீயே சொல்வாய். எந்த விசேசத்தில் யார் என்ன சேலை உடுத்தினார்கள், யார் என்னைப் பார்த்தும் பாராததுபோல் போனார்கள், எல்லாம் எனக்கு அத்துபடி. நீ சடங்குக்கு வந்த கோலமும் அப்படித்தான் நிற்கிறது. இரண்டு நாள் முந்தியே திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாய். துணிப்பைக்குள் கனமாக ஒரு பணியாரக் கல்.

"ஏத்தா, எங்க வீட்டுல கல்லு இல்லாமலா கெடக்கு?" என்றேன்.

"இது பணியாரத்துக்கு இல்ல மதினி. இதுல சாக்லேட் வாக்கப் போறோம். நம்ம புள்ள சடங்குல ஒரு தட்டு சாக்லேட் இருக்கணும், வந்தவுக வாயப் பொளக்கணும்."

உன் பக்கத்து வீட்டு டீச்சரம்மா சொல்லிக்கொடுத்தது என்றாய். வனஸ்பதியை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கினாய். பொடித்த சர்க்கரை, பால்பவுடர், கோகோ மூன்றையும் சேர்த்துச் சலித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவச் சொல்லி, கரண்டியை என் கையில் கொடுத்தாய். நான் கை கழுவிய ஈரத்தோடு வந்து பிடித்தேன். ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அம்புட்டும் மணல் மாதிரி திரிந்துவிட்டது.

"மதினி, இது ஒங்கள மாதிரித்தான். ஒரு சொட்டுப் பட்டாப் போதும், திரிஞ்சிரும்," என்று சொல்லிச் சிரித்தாய். அப்போது நானும் சிரித்தேன். பிறகு அதையும் எடுத்து மனசில் வைத்துக்கொண்டேன்.

மறுபடி கிண்டினோம். கல்லில் நெய் தடவிக் குழி குழியாக ஊற்றி, மாடி வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜில் வைத்தோம். இறுகினதும் கல்லின் அடியை வெந்நீரில் காட்டிக் கவிழ்த்தால் பொத்துப் பொத்தென்று விழுந்தது, பாதி எலுமிச்சம்பழம் மாதிரி. ஒரு ஈட்டுக்கு ஏழு. மாடிப்படி ஏறி இறங்கியே எனக்கு முழங்கால் விட்டுப்போனது. நூற்றியொன்று செய்தோம். எங்கள் சொந்தத்தில் அதுவரை யார் விசேசத்திலும் வீட்டில் செய்த சாக்லேட் வைத்ததில்லை. வாடிப்பட்டியிலிருந்து வந்த என் பிறந்த வீட்டு ஆட்கள் வாசம் பிடித்து, "யாரு செஞ்சது?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றேன். நீ பக்கத்தில் நின்று வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தாய். வாயைத் திறக்கவில்லை.

சடங்கன்று நடந்ததாக என் ஞாபகம் இதுதான். தட்டை நான் உள் அறையில், ஈரத்துணி விரித்த தாம்பாளத்தின் மேல் பத்திரமாக வைத்திருந்தேன். பந்தியைக் கவனித்துவிட்டு வந்து பார்த்தால் தட்டைக் காணோம். வாசல் பந்தலுக்கு ஓடினேன். மேடைப் பக்கத்தில், வீடியோக்காரர் நிறுத்தியிருந்த போகஸ் லைட்டுக்குக் கீழே நீ நிற்கிறாய். உன் கையில் தட்டு. நூற்றியொன்றும் கூழாகி வழிகிறது. உன் விரலெல்லாம் சாக்லேட்.

"நான் வைக்கல மதினி," என்றாய்.

நான் நம்பவில்லை. எனக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்கிற பொறாமையில் நீதான் தட்டைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சூட்டில் வைத்துக் கெடுத்தாய் என்று முடிவு கட்டினேன். உன்னைப் பார்த்து ஒன்று சொன்னேன். ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்ததால் மேடையில் இருந்த இரண்டு மூன்று பெண்களுக்குத்தான் கேட்டிருக்கும். அந்தச் சொல்லை எழுத இன்னும் கை வரவில்லை. இந்த மடல் முடிவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நீ தட்டைக் கீழே வைத்தாய். பையை எடுத்துக்கொண்டு, உன் வீட்டுக்காரரைப் பந்தியிலிருந்து எழுப்பிக்கொண்டு பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு என் வாசலை நீ மிதித்தது உன் அண்ணன் சாவுக்கு மட்டும்தான். அன்றைக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பணியாரக் கல் இங்கேயே தங்கிவிட்டது. அதைக் கேட்டு நீ ஆள் அனுப்பவில்லை. "ஒரு கல்லக்கூடக் கேட்டு வாங்க மாட்டேங்குறா பாரு, என்னா திமிரு" என்று அதையும் உன் குறைகளோடு சேர்த்தேன். போன ஆடியில் நீ போய்விட்டாய் என்று சேதி வந்தது. வந்தேன். கூட்டத்தோடு நின்றுவிட்டு முதல் ஆளாகத் திரும்பினேன்.

இப்போது பேத்தியின் ஃபோனைப் பார். அந்தக் காலத்து வீடியோவில் ஆட்கள் பேசுகிறது கேட்காது. எல்லாவற்றின் மேலும் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டிருந்தார்கள். மகள் நாற்காலியில் நகை பூட்டி உட்கார்ந்திருக்கிறாள். அரக்குப் பட்டு உடுத்தின ஒருத்தி, முதுகு மட்டும் தெரிய, உள்ளேயிருந்து சாக்லேட் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். லைட்டுக்கு நேர் கீழே ஒரு முக்காலியில் வைக்கிறாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "பாத்தியா! ஒங்கம்மாவோட அத்தை தனியாச் செஞ்சிருக்க மாட்டான்னு நான் அன்னைக்கே நெனச்சேன். எவடி இவ? அவதான் இவள ஏவி விட்டிருக்கா."

பேத்தி ஃபோனைத் தன் பக்கம் இழுத்தாள். படத்தை நிறுத்தினாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"அம்மாச்சி, அது நீங்கதான்."

திரும்பின முகம் என் முகம். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். வீடியோக்காரரைப் பார்த்து, இதையும் சேர்த்து எடு என்று கையைக் காட்டுகிறேன். பிறகு கொண்டையைத் தடவிக்கொண்டு பந்திப் பக்கம் போகிறேன்.

 என் ஞாபகத்தில் அது இல்லை. தேடித் தேடிப் பார்க்கிறேன், இன்றைக்கும் இல்லை. தட்டைத் தூக்கினது, நடந்தது, சிரித்தது, ஒன்றும் இல்லை. மாடிப்படி எத்தனை என்று ஞாபகம் இருக்கிறது. வெற்றிலையை நீ எந்தத் துணியால் துடைத்தாய் என்று ஞாபகம் இருக்கிறது. இது மட்டும் சுத்தமாக வழித்தெடுத்ததுபோல் காணோம். இருபத்தேழு வருசம் எதன்மேல் ஏறி நின்று உன்னைப் பார்த்தேனோ, அது என் காலடியில் இல்லவே இல்லை.

படம் ஓடியது. சாக்லேட் பளபளக்க ஆரம்பிக்கிறது. ஒருத்தரும் கவனிக்கவில்லை. நீ வருகிறாய். பதறிப்போய்த் தட்டைத் தூக்குகிறாய். வாயால் ஊதுகிறாய். முந்தானையால் விசிறுகிறாய். ஒட்டிக்கொண்டதை விரலால் ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்க்கிறாய். விரலில் வழிந்ததை நக்கிவிட்டு, பக்கத்தில் நிற்கிறவளிடம் "நல்லாருக்கு" என்பதுபோலத் தலையை ஆட்டுகிறாய். அப்போதுதான் நான் வந்து சேர்கிறேன். என் வாய் ஆடுகிறது. மேலே கல்யாணப் பாட்டு ஒன்று துள்ளிக்கொண்டு ஓடுகிறது.

"இங்க என்ன சொல்றீங்க அம்மாச்சி?"

"சாப்பிட வரச் சொல்றேன்," என்றேன்.

இதோ, நீ செத்த பிறகும் உன் தலைமேல் ஒரு பொய்.

சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்று, வீடியோ பேச்சை எடுக்காமல், "ஒன் சடங்குல அந்தச் சாக்லேட் தட்ட லைட்டுக்குக் கீழ யாருடி வச்சது?" என்று கேட்டேன்.

அவள் நிமிரவே இல்லை. "நீதான்."

"நீ பாத்தியா?"

"எனக்கு நேர் எதுக்கக் கொண்டாந்து வச்ச. பாக்காமலா?"

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"அத்தகிட்டச் சொன்னேன். பை எடுக்க உள்ள வந்துச்சுல்ல, அப்ப நானும் பின்னாலயே போனேன். 'அத்த, அம்மாதான் வச்சாங்க'ன்னு அழுதேன். அத்த என் வாயப் பொத்துச்சு. 'ஒங்காத்தாகிட்ட இதச் சொல்லிராத தங்கம். தப்பு தன்மேலன்னு தெரிஞ்சா, சொன்ன ஆளத்தான் ஒதுக்குவா. நான் திருமங்கலத்துல கெடக்கேன், எனக்கு ஒண்ணுமில்ல. நீ அவகூடதான் இருந்தாகணும்'னுச்சு."

"அதுக்கப்புறம் இம்புட்டு வருசத்துல ஒருநாள் சொல்லியிருக்கலாம்ல?"

மகள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "ஒன்கிட்டயாம்மா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள்.  பதின்மூன்று வயதில் என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். நாற்பது ஆகியும் அந்தப் பயம் போகவில்லை. அது உனக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பேத்தி மெதுவாகக் கேட்டாள்: "அம்மாச்சி, அந்த எடத்த மட்டும் கட் பண்ணிறவா? யாருக்கும் தெரியாது." வேண்டாம் என்றேன். அரை மனசாகத்தான் சொன்னேன். ராத்திரிக்குள் இரண்டு தடவை, கட் பண்ணு என்று சொல்ல வாய் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள். மகள் கூப்பிட்டிருந்ததால் உன் வீட்டுக்காரரும் வந்திருந்தார். இளைத்துவிட்டார். கேக் வெட்டினார்கள். சாக்லேட் தட்டு சுற்றி வந்தது. டிவியில் படம் ஓடியது. நரைக்காத தலைகளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். நான் தட்டோடு வருகிற இடம் வந்தது. நீ விசிறுகிற இடம் வந்தது. என் வாய் ஆடுகிற இடத்தில் பேத்தியை நிறுத்தச் சொன்னேன்.

"அண்ணே," என்று உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "தட்ட வச்சது நான். பழிய ஒங்க வீட்டம்மா மேல போட்டேன். இந்தப் பாட்டுக்குக் கீழ நான் சொன்னது என்னன்னா, 'பெத்து வளக்காத கை பட்டா எதுவும் வெளங்காதுன்னு தெரிஞ்சும் ஒன்னய உள்ள விட்டேன் பாரு. என் மகளுக்கு நீ நலுங்கு வைக்க வேணாம், தள்ளி நில்லு.'"

 மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் டிவியைப் பார்த்தார். அதில் நீ தட்டோடு அசையாமல் நின்றாய். "வயித்து வலின்னுதான் சொன்னா," என்றார். "பாதி எலையில எழுப்புனா. பஸ்ல வயித்தப் பிடிச்சுக்கிட்டே வந்தா. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக்கூடக் கூட்டிட்டுப் போனேன். சாகுறவரைக்கும் வேற ஒண்ணும் சொல்லல."

அவருக்குக் கொடுத்த சாக்லேட் அப்படியே உள்ளங்கையில் இளகியிருந்தது. அதைத் தட்டில் வைத்து, தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். பரணிலிருந்து இறக்கித் துடைத்துவைத்திருந்த உன் பணியாரக் கல்லை நீட்டினேன். வாங்கவில்லை. "ஒங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார். வாரேன் என்று என்னிடம் சொல்லாமல் போனார்.

அவருக்கு என்மேல் ஆயுசுக்கும் கோபம் இருக்கும். இருக்கட்டும். கோபம் வைத்துப் பழகினவள் நான். எது நியாயமான கோபம் என்று எனக்குத் தெரியும்.

நேற்று கல்லைத் துருப்போகத் தேய்த்து, நீ சொன்னபடியே உருக்கிச் சலித்துக் கிண்டி வார்த்தேன். கையைத் துண்டில் மூன்று தடவை துடைத்துவிட்டுத்தான் கரண்டியைத் தொட்டேன். திரியவில்லை. ஏழு விழுந்தது. ஒன்றை மகளிடம் நீட்டி, "அத்தை சொல்லிக்கொடுத்தது" என்றேன். ஒன்றை நான் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு நீ தலையை ஆட்டினது உண்மைதான்.

என் ஞாபகத்தை இனி யாரிடமும் பீற்றிக்கொள்ள மாட்டேன். எது நடந்தது, எதை நானாகக் கட்டிக்கொண்டேன் என்று இப்போது எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. உன்னைச் சொன்ன அந்தச் சொல் மட்டும் மிச்சம். எந்தப் பாட்டைப் போட்டாலும் அதற்குக் கீழே, ஒரு எழுத்து மாறாமல், என் குரலிலேயே கேட்கிறது.