கரையில் கிடந்த செருப்பு

பாசமுள்ள அண்ணனுக்கு,

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்ல?

அணைத் தண்ணீர் ஏறி வைகை அகன்று கிடக்கும் மாதங்களில் பாய்மரப் படகு விடலாம் என்று நீங்கள் கிளம்பியபோது தேனி கடைவீதியே சிரித்தது. "கடலையே பாக்காதவுக கப்பல் விடப் போறாக!" தார்ப்பாய் தைப்பவரிடம் பாய் தைத்து, ஒற்றைப் படகோடு சங்கத்தைத் தொடங்கினீர்கள். இன்று ஆறு படகு, ஞாயிறுதோறும் பந்தயம், பெண்களுக்குத் தனிப் பயிற்சி.

செருப்பு வழக்கமும் உங்களுடையதுதான். படகேறுகிறவர் செருப்பைக் கரையில் வரிசையாக விட வேண்டும், திரும்பியதும் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு ஜோடி மிச்சம் கிடந்தால் ஆள் இன்னும் தண்ணீரில் இருக்கிறார். "நோட்டுல எழுத மறந்துருவாக. வெறுங்காலோட இந்த முள்ளுக்குள்ள எவன் வீட்டுக்குப் போவான்?" என்பீர்கள். சாயங்காலம் எண்ணிப் பார்ப்பது என் வேலை.

அன்றும் எண்ணினேன். உங்கள் செருப்பு மட்டும் கிடந்தது. நடு ஆற்றில் உங்கள் படகு ஆளில்லாமல் மிதந்தது. "அண்ணனைக் காணோம்!" என்று கத்தினேன். இருந்த அத்தனை பேரும் தண்ணீரில் குதித்தார்கள். ஒரு மணி நேரம் அண்ணே, ஒரு மணி நேரம்.

கயிறு எடுக்கப் போனவர்தான் உங்களைப் பார்த்தார். பாய் மடித்து வைக்கும் கொட்டகையில், எங்கள் முதுகுக்குப் பின்னால் கிடந்தீர்கள். நெஞ்சுவலியோடு கரையில் இறங்கியவருக்குப் படகைக் கட்ட முடியவில்லை, அது தானாக நடு ஆற்றுக்குப் போயிருக்கிறது. செருப்பையாவது மாட்டியிருக்கக் கூடாதா? கோபம் கோபமாக வருகிறது உங்கள்மேல். கூப்பிட்டீர்களா? நாங்கள் போட்ட கூச்சலில் எனக்குத்தான் கேட்கவில்லையா? கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

மதினி அழவில்லை. என்னைப் பார்த்து, "உங்க அண்ணன் கரைக்கு வந்துட்டாக தாயி. நீங்கதான் தண்ணிக்குள்ள தேடுனீக" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை.

போன ஞாயிறு மறுபடி படகு இறக்கினோம். செருப்பு வழக்கத்தை விட்டுவிடலாம் என்றார்கள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. அப்போது மதினி வந்தார். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் படகேறாதவர், செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டார்.

"எண்ணிக்க தாயி. நான் திரும்பி வருவேன்."

வந்தார், அண்ணே. அதுவரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

வழக்கம் இருக்கும். ஒரு ஜோடி மிச்சம் கிடந்தால் முதலில் கொட்டகைக்கு ஓடுவேன், பிறகுதான் ஆறு. இது உங்களுக்கு நான் கொடுக்கும் சத்தியம்.

உங்களைத் தண்ணீரில் தேடிய தங்கச்சி,
ஸ்டெல்லா