மிலாறு முறித்தது நான்தான்

மாரியம்மன் துணை

கொட்டகலை,
18.9.1955, ஞாயிறு.

அன்புள்ள அண்ணன் வீரய்யா அவர்களுக்கு,

தங்கை பூரணி வணங்கி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, உண்மையிலேயே சுகமாகத்தான் இருக்கிறேன். அதுதான் இந்த லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்குப் பொறுக்கவில்லை. அங்கே நீங்கள், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகமா? உடப்புசல்லாவைப் பக்கம் இன்னும் மழை விடவில்லை என்று கேள்விப்பட்டேன். சின்னவனை ஈரத்தில் விளையாட விடாதீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் தரம் படித்தபோது அழுகை வந்தது, மறுபடி படித்தபோது கோபம் வந்தது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தைத் தீர்க்கத் துரும்பை முறிக்க வேண்டியது புருஷன், பொம்பளை முறித்தால் தீர்வை செல்லாது, நீ இன்னும் சோலைமலை பெண்சாதிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் வந்து சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மீதியை நான் சொல்கிறேன்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அத்தனை பேர் முன்னாலும் அந்த ஆள் என்னை அறைந்த பிறகு, இனி இவரோடு வாழமாட்டேன் என்று தோட்டத் தலைவர் செல்லசாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் இரண்டு பேரையும் மாரியம்மன் கோயில் முன்னால் கூப்பிட்டு விசாரித்தார். நான் தாலியைக் கழற்றி வெற்றிலையில் வைத்தேன். அந்த ஆள் துரும்பை முறித்தால் தீர்ந்தது. இந்த மலையில் வைக்கோலுக்கு எங்கே போவது? பெரிய சூரன் மாதிரி எழுந்து போய், பக்கத்துத் தேயிலைச் செடியில் ஒரு பச்சைக் குச்சியை வெட்டிக்கொண்டு வந்தார். வருஷக்கணக்காகக் கவ்வாத்து வெட்டுகிற ஆளுக்குப் பச்சைத் தேயிலை வளையுமே தவிர முறியாது என்று தெரிய வேண்டாமா? முறுக்கினார், பல்லைக் கடித்தார், முழங்காலில் வைத்து அழுத்தினார். பட்டைதான் உரிந்தது. அவருடைய ஆட்கள் உடனே, "ஆத்தாளுக்குச் சம்மதமில்லீங்க, சேர்ந்து இருக்கச் சொல்றா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தலைவரும் தாடையைச் சொறிந்தார். ஒரு குச்சிக்காக நான் மறுபடியும் போய் அடி வாங்க வேண்டுமா?

ஓடினேன். கவ்வாத்தில் வெட்டிப்போட்ட குச்சிகளைப் பொறுக்கி அடுப்புக்குக் காயவைத்திருந்தேனே, அந்த மிலாறுக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்து, எல்லோர் கண்ணெதிரிலும் படக்கென்று முறித்துப் போட்டேன். "இப்ப ஆத்தாளுக்குச் சம்மதமான்னு கேளுங்க" என்றேன். பக்கத்து வீட்டுக் காளியாயி அக்கா மட்டும் சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தலைவர் "தீர்ந்துச்சு, போங்க" என்று எழுந்துவிட்டார். முறிந்த குச்சிக்கு ஆம்பளை கை, பொம்பளை கை என்று வித்தியாசம் தெரியாது அண்ணா.

அதோடு விட்டதா? வேறு வீடு காலியாகும் வரை உள் காம்பரா அறை அந்த ஆளுக்கு, அடுப்பு இருக்கிற முன் இஸ்தோப்புத் திண்ணை எனக்கு என்று பிரித்தார்கள். என் இஸ்தோப்பைத் தாண்டாமல் அவர் வெளியே போக முடியாது என்று யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். இருமிவிட்டுத்தான் வர வேண்டும், நான் சரி என்றால்தான் தாண்ட வேண்டும் என்று சட்டம் போட்டேன். அவருக்குச் சளி பிடித்த வாரம் பெரிய கூத்து. அவர் விடாமல் இருமுகிறார், நானும் விடாமல் "போறதுன்னா போங்க" என்று கத்துகிறேன், ஆள் வெளியே வருகிற வழியைக் காணோம். நான் கருவாடு சுட்டால் கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். "பூரணி கொஞ்சம் குழம்பு குடுக்குமான்னு கேளுங்க" என்று காளியாயி அக்காவைத் தூது விட்டார். அடுப்பு வேண்டுமானால் தருகிறேன், சமைக்க ஆள் தரமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். போன வெள்ளிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போதும் இருமிவிட்டுத்தான் போனார்.

மறுநாளே ஆபீசுக்குப் போய், இந்தக் காம்பரா எனக்கே வேண்டும் என்று கேட்டேன். பெரிய கணக்கப்பிள்ளை, "தனிப் பொம்பளைக்கு வீடு குடுக்கிற வழக்கம் இல்ல" என்றார். "தனிப் பொம்பளை எடுத்த கொழுந்தை மட்டும் வேணாம்னு சொல்ல மாட்டேங்கிறீங்களே" என்றேன். அங்கே இருந்த தோட்டத் துரை சிரித்தாரோ முறைத்தாரோ, அந்த முகத்தில் இரண்டும் ஒன்றுதான். வேலைக்கு வருகிற வரை அந்தக் காம்பராவிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு என்னைக் கூட்டிப்போக வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் வரமாட்டேன். உங்களுடைய ஒரே காம்பராவில் நீங்கள், அண்ணி, நாலு பிள்ளைகள். அண்ணி நல்லவர். நான் வந்து அவரைக் கெட்டவராக்க வேண்டாம். தனியாக இருக்கப் பயமில்லையா என்றால், இருக்கிறது. காற்றில் தகரம் அடித்துக்கொண்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் ஒரு மனுஷனின் காலடிச் சத்தத்துக்குப் பயந்து உட்கார்ந்திருந்ததை விட இது எவ்வளவோ மேல்.

ஆனாலும் நீங்கள் வாருங்கள். கூட்டிப்போக வேண்டாம், விருந்தாளியாக வாருங்கள். கூடப் பிறந்தவனே இவளைக் கைகழுவிவிட்டான் என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேசுகிறார்கள். லயமே பார்க்க என் வாசலேறி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் கையால் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகு என்னை எவரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். தலைவரிடமும் துரையிடமும் நான் சண்டைதான் போட்டேன், யாரிடமும் கெஞ்சவில்லை. உங்களிடம் கெஞ்சுகிறேன் அண்ணா, வந்து சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
பூரணி