இன்று பொலிஸ்காரர் வரமாட்டார்

இஞ்சருங்கோ, எழும்பியவுடன் இதை வாசியுங்கோ.

உங்கள் துவக்கு லைசன்ஸ் விஷயமாக இன்று விசாரிக்க வருவதாக இருந்த பொலிஸ்காரர் வரமாட்டார். நேற்று நான்தான் பொலிசுக்கு ஃபோன் எடுத்தேன். என் மனுசனுக்கு இப்போது லைசன்ஸ் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன்.

சிட்னி லைசன்ஸ் இங்கே மெல்பேணில் செல்லாது, புதிதாக எடுத்தால்தான் பழையபடி காசு ஏற்றும் வண்டியில் தோட்டா போட்ட துவக்கோடு காவல் வேலை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். என் ஆஸ்பத்திரி வேலைக்காகத்தான் சிட்னியில் மெரிலேண்ட்ஸை விட்டு வந்தீர்கள் என்பதும் தெரியும். வந்த நாள் முதல் நீங்கள் காத்திருந்த ஒரே விஷயத்தை நான் கெடுத்துவிட்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, "நான் இல்லாட்டி நீயும் பிள்ளையும் நிம்மதியா இருப்பியள்" என்றீர்கள். நான் கையைப் பிடித்ததும், "சும்மா பகிடிக்குச் சொன்னனான்" என்றீர்கள். இத்தனை வருஷமாக உங்கள் பகிடிக்குச் சிரித்தவள் நான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குசினியில் புட்டும் மீன் குழம்பும் இருக்கின்றன. சூடாக்கிச் சாப்பிடுங்கோ. யாமினியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பின்னேரம் டாக்டரிடம் உங்களுக்கு நேரம் எடுத்திருக்கிறேன். நானும் கூட வருவேன்.

தாட்சா

இன்னொன்று. இன்றைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, தூரப் போகவும் மனம் வரவில்லை. வாசலில் காருக்குள் இருக்கிறேன். ஏசுறதுக்காவது வெளியில வாங்கோ.