கன்னியம்மாவுக்கு என்ன வயது?

5-2-79, திங்கள்

விடியற்காலை நல்ல பனி. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று. ஸ்டவ் திரி மாற்ற வேண்டும், மூன்று நாளாகத் தள்ளிப்போடுகிறேன். சதுரங்கப்பட்டினம் கடைகளில் நல்ல திரி இல்லை.

பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில். நானும் தாமஸும் சேர்க்கைப் பதிவேடு பார்த்தோம். சென்னையில் பேராசிரியர் சொல்லி அனுப்பியது: கல்விக்கு ஒருவர், சட்டத்துக்கு ஒருவர், சமூகவியலுக்கு ஒருவர், மூன்று கண்ணாலும் ஒரே குப்பத்தைப் பாருங்கள். சமூகவியல் கண் மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போய்விட்டது. கல்வி, தாமஸ். சட்டம், நான். பி.எல். முடித்து, பதிவும் செய்து, கறுப்புக் கோட்டைப் பெட்டியிலேயே வைத்திருக்கும் மகராசி.

மீனவப் பெண் பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. பதிவேட்டில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் முக்கால்வாசிப் பிள்ளைகள் பிறந்தது ஜூன் ஒன்றாம் தேதி! அது எப்படி சார் என்றேன். தலைமையாசிரியர் சிரித்தார்.

"பொறந்த தேதி கேட்டா, புயலுக்கு முந்தி, வலை கிழிஞ்ச வருசம்னு சொல்வாங்கம்மா. நான் எங்க போறது? வலது கையத் தலைக்கு மேல போட்டு இடது காதத் தொடச் சொல்வேன். தொட்டா அஞ்சு வயசு. ஜூன் ஒண்ணு."

குப்பத்திலிருந்து பத்தாவது வரை வந்த பெண் இதுவரை ஒருத்திதான். கன்னியம்மாள், த/பெ. தேசிங்கு. பிறப்பு 1-6-62.

அறைக்கு வந்து காதைத் தொட்டுப் பார்த்தேன். என் சான்றிதழில் ஜூன் 3. அம்மா சொல்வது ஆவணி. சட்டம் படித்தவள், இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட ஏன் என்று கேட்டதில்லை.

நாளை: திரி. சைக்கிளுக்குக் காற்று. கி.மு. வீடு. (கிராம முன்சீப். பிறப்பு, இறப்பு எழுதும் புத்தகம் அவரிடம்.)

6-2-79, செவ்வாய்

கி.மு. வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். மணலில் பாதி தூரம் சைக்கிளை நான்தான் சுமந்தேன். மோர் கொடுத்தார். புத்தகங்களைச் செல் அரித்திருக்கிறது. பிறப்புப் புத்தகத்தில் குழந்தைக்குப் பெயர் கிடையாது. ஆண், பெண், தாய், தகப்பன், தேதி, அவ்வளவுதான்.

கண்டுபிடித்துவிட்டேன்! 1960 நவம்பர். பெண். தகப்பன் தேசிங்கு, தாய் அஞ்சலை. ஆக, கன்னியம்மாளுக்குப் பள்ளியில் போட்டதைவிட ஒன்றரை வயது அதிகம். பதினெட்டு முடிந்துவிட்டது. காதுக் கணக்குக்கும் புத்தகக் கணக்குக்கும் எவ்வளவு வித்தியாசம்! கட்டுரையில் இதற்கே தனி அத்தியாயம் போடலாம்.

திரும்பும் வழியில் தேசிங்கு கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உங்கள் பெண் எல்லாரும் நினைக்கிறதைவிட மூத்தவள் என்றேன். மனிதர் வலையைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"இன்னாம்மா சொல்ற? பதினெட்டு ஆயிட்ச்சா? மெய்யாலுமா?"

அவருக்கு ஒரே சந்தோஷம். விஷயம் இது. மாப்பிள்ளை கல்பாக்கத்தில் வேலை. போன வருஷம் சட்டம் மாறிப் பெண்ணுக்குப் பதினெட்டு என்று ஆனதிலிருந்து அந்த வீட்டில் பயம். "கெவர்மெண்டு வேலம்மா. சின்னப் பொண்ணக் கட்டினா பூடும்னு ஆபீசுல எவனோ சொல்லிக்கிறான். குவார்ட்டர்சு வேற வந்துகீது, கண்ணாலம் ஆனாத்தான் சாவி. பொண்ணுக்கு வயசுன்னு ஒரு பேப்பர் காட்டுன்றாங்க."

எழுதிக் கொடுத்தேன். புத்தக எண், பக்கம், வரிசை எண் எல்லாம் சுத்தமாக. இதை வைத்து முன்சீப்பிடம் நகல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். இரண்டு சங்கரா மீன் கொடுத்தார். தாமஸ் வறுத்தார். அருமை.

8-2-79, வியாழன்

திரி கிடைத்தது, திருக்கழுக்குன்றத்தில்.

மாலை நாலரைக்குக் கன்னியம்மா வந்தாள். பள்ளிச் சீருடை, கையில் பூகோளப் புத்தகம். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே கேட்டாள்.

"நீங்கதான் எய்திக் குடுத்தீங்களாம்?"

ஆமாம் என்றேன்.

"கண்ணாலம் மாசி கடைசியில. பரீட்சை பங்குனியில. நைனா நாளைலருந்து இஸ்கூலுக்குப் போவாதன்னுட்டாரு. என் வயச உங்கள யாரு கேட்டது?"

உட்கார் என்றேன், உட்காரவில்லை. கையிலிருந்த புத்தகத்தை நீட்டினாள். "இத்த இஸ்கூல்ல குடுத்துடுங்க. லைப்ரரி புக்கு." போய்விட்டாள்.

பாதியில் நிற்பதற்கான காரணங்கள் என்று எங்கள் படிவத்தில் பதினொன்று இருக்கின்றன. வறுமை, தூரம், வீட்டு வேலை, பெரியவளாதல்... பன்னிரண்டாவதாக ஆராய்ச்சியாளர் என்று எழுத வேண்டும். சிரிப்பு வரவில்லை. அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

9-2-79, வெள்ளி

தாமஸோடு சண்டை.

"நாம பார்க்க வந்தவங்க. தலையிட வந்தவங்க இல்ல."

"நான் ஏற்கெனவே தலையிட்டாச்சு தாமஸ். எழுதிக் கொடுத்தது தலையீடு இல்லையா?"

"அது தகவல். உண்மைத் தகவல். பொய் எழுதலயே நீங்க."

அது சரிதான். அதனால்தான் ஒன்றும் செய்ய வழி தெரியவில்லை. உண்மையிலேயே பதினெட்டு ஆனவளுக்குச் சட்டம் என்ன செய்யும்? மத்தியானம் டச்சுக் கோட்டைக்குள் போய் உட்கார்ந்திருந்தேன். ஆடுகள் மேய்ந்தன.

11-2-79, ஞாயிறு

காற்றே இல்லை. துணி துவைத்தேன்.

பத்து மணி சுமாருக்கு அஞ்சலை வந்தார், கன்னியம்மாவின் அம்மா. மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நேராக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீ எய்தினியே, அது இவ இல்லம்மா."

புரியவில்லை.

"அது மூத்தவ. அவ பூட்டா. வருசம் திரும்பல. அம்மை போட்டு, மூணே நாளு. இவ அதுக்கு அப்பால பொறந்தவ."

மூத்தது பிறந்தபோது அஞ்சலையின் தகப்பனார் கருவாடு விற்க முன்சீப் ஊருக்குப் போயிருக்கிறார், போன இடத்தில் சொல்லியிருக்கிறார், எழுதிவிட்டார்கள். இரண்டாவது பிறந்தபோது தாத்தா இல்லை. ஆற்றைத் தாண்டிப் போய்ச் சொல்ல யாரும் இல்லை. குழந்தை இறந்ததை ஏன் பதியவில்லை என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. படிவத்துக் கேள்வி.

"செத்தத அங்க போயி இன்னான்னு சொல்றது?"

பிறகு சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். போன குழந்தையின் பெயரையே அடுத்த பெண்ணுக்கு வைப்பது வழக்கமாம். "அவதான் திரும்பி வந்தான்னு வெப்போம். அப்பால முந்தி ஒண்ணு இருந்திச்சின்னு யாரும் பேசக் கூடாது. பேசினா இதுவும் நிக்காது." பதினாறு வருஷமாக அஞ்சலை பேசவில்லை. தேசிங்கும் பேசவில்லை. கன்னியம்மாவுக்கே தெரியாது.

ஆக மூத்த கன்னியம்மா புத்தகத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறாள், அவளுக்குப் பதினெட்டு வயது. இளையவள் எந்தப் புத்தகத்திலும் பிறக்கவே இல்லை. நான் பெருமையாகக் கேலி செய்த அந்தக் காதுதான் கிட்டத்தட்ட சரியாகச் சொல்லியிருக்கிறது!

தேசிங்குக்குத் தெரியாதா இது என்றேன். "தெரியாம இன்னா. பேப்பரு தானா வந்திச்சி, வுடுவானா? நல்ல மாப்ள, நல்ல எடம். நானும் வாணான்னு சொல்லல. பரீட்சைய எய்திட்டுக் கட்டிக்கட்டுமே. ரெண்டு வருசம் குந்திகினு இருக்க மாட்டானா?"

மூத்தவளின் இறப்பைப் பதிந்தால் அந்தப் பிறப்புத் தாள் செல்லாது. ஒரு வருஷம் தாண்டிய இறப்புக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். மனு, தாயின் வாக்குமூலம், செங்கல்பட்டு. இதைச் சொன்னேன்.

அஞ்சலை எழுந்தார். "அவ பேரப் போட்டு செத்துட்டான்னு எய்தணுமா?" என்றார். ஆமாம் என்றேன். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

13-2-79, செவ்வாய்

குப்பமே அதிர்ந்துவிட்டது. அஞ்சலை வீட்டில் சொல்லியிருக்கிறார். தேசிங்கு என் அறை வாசலுக்கே வந்து கத்தினார்.

"உசுரோட கீற பொண்ணு பேர சாவு புக்குல எய்தச் சொன்னியா? நீ வயித்துக்குச் சோறு துன்றவதானா? கேள்வி கேக்க வந்தியா, எங்க வூட்ட அயிக்க வந்தியா?"

தாமஸ் நடுவில் வந்து நின்றார், பாவம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். தப்பு என்னுடையதுதான், கேட்காத வீட்டுக்குள் நுழைந்து எழுதினேன் என்றேன். தேசிங்கு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுவார் என்று நான் நினைக்கவில்லை. "நான்தான் குயி தோண்டினேன்" என்றார், சவுக்குத் தோப்பைப் பார்த்து. தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

பேராசிரியரிடமிருந்து தந்தி. தலையிட வேண்டாம், சென்னை திரும்பவும். (தகவல் கொடுத்தது தாமஸ். கேட்டேன், ஒப்புக்கொண்டார். கோபம் இருக்கிறது, ஆனால் அவரும் பயந்துதான் செய்திருக்கிறார்.)

14-2-79, புதன்

கன்னியம்மா வந்தாள். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு முந்தி ஒருத்தி இருந்தாளா? என் பேருலயே?"

"ஆமாம்."

"அவ என்ன மாரியே இருந்தாளா?"

எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவைக் கேள் என்றேன். கேட்டாளாம், அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாராம். கொஞ்ச நேரம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "அவ இருந்தா இன்னேரம் அவளுக்குக் கண்ணாலம் ஆயிருக்கும். நான் நிம்மதியா படிச்சிகினு இருப்பேன்" என்றாள். இப்படி யோசிக்கிற பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்தப் பார்த்தோமே, நாங்கள் எல்லாரும் சேர்ந்து. பூகோளப் புத்தகத்தை நான் இன்னும் பள்ளியில் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு போனாள்.

பேராசிரியருக்குக் கடிதம்: இந்த வீட்டுப் படிவத்தை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டேன். இனி அஞ்சலை தகவலாளி அல்ல, என் கட்சிக்காரர். நீங்கள் என்னை நீக்க வேண்டுமென்றால் நீக்கலாம்.

17-2-79, சனி

அஞ்சலை வந்து "எய்து" என்றார், அவ்வளவுதான். எழுதினேன். பிறந்தது 1960 நவம்பர், வருஷம் திரும்பவில்லை என்றாரே, அதனால் இறக்கும்போது பதினோரு மாதம் என்று போட்டேன். படித்துக் காட்ட ஆரம்பித்தேன். வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொண்டார். கைநாட்டு.

மாப்பிள்ளைப் பையனைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். நல்ல பையன்தான். "குவார்ட்டர்சு போனா போவுது மேடம், வேல போவக் கூடாது" என்றான்.

கோட்டு: இரண்டு பொத்தான் இல்லை. தைக்க வேண்டும்.

23-2-79, வெள்ளி

செங்கல்பட்டு. முதல் பஸ். அஞ்சலை, கன்னியம்மா, நான். தேசிங்கு வர மாட்டேன் என்றவர் அடுத்த பஸ்ஸில் வந்து, நீதிமன்றத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே வரவில்லை. கோட்டில் பாச்சா உருண்டை வாசனை. வாழ்க்கையில் முதல் வழக்கு.

மாஜிஸ்திரேட் வயதானவர், அவசரம் இல்லாதவர். மனுவைப் படித்தார். இவ்வளவு நாள் ஏன் பதியவில்லை என்று அஞ்சலையைக் கேட்டார். தெர்யாது சாமி என்றார் அஞ்சலை. இறந்த குழந்தையின் பெயரைச் சொல்லும்மா என்றார். அஞ்சலைக்கு வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். நான் சொல்லக் கூடாது, சாட்சிதான் சொல்ல வேண்டும். அஞ்சலை பெண்ணைத் திரும்பிப் பார்த்தார், பார்த்துக்கொண்டே சொன்னார். "கன்னியம்மா." உடனே ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், கூட்டத்தில் தொலைத்துவிடுவாரோ என்பதுபோல. யாரும் அதட்டவில்லை.

உத்தரவு கிடைத்தது. பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. வெளியே தேசிங்கு மரத்தடியிலிருந்து வந்தார். கன்னியம்மாவுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். "பரீட்சைக்கு இன்னும் எத்தினி நாளு கீது?" என்றார். அவள் சொன்னாள். தலையை ஆட்டினார்.

பஸ்ஸில் அஞ்சலை என் பக்கத்தில். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அந்தத் தாளைக் காட்டச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் வாங்கி மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"எத்தினி மாசம்னு போட்டுகீற?"

"பதினொண்ணு. நீங்கள் சொன்னதுதான்."

"அன்னிக்கு சும்மா வாய்க்கு வந்தத சொன்னேன். பதினொண்ணு இல்ல, பதிமூணு. பத்தடி நடந்தா. என்னாண்ட நடந்து வந்தாம்மா." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு மாசம் கொறச்சிட்ட. மாத்திக் குடு."

வயசுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது, வழக்குக்கு இதுவே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. திங்கட்கிழமை திருத்த மனு. முதல் பஸ்.